பரணில் கிடைத்த டிரங்குப் பெட்டி: பழைய போஸ்டர்களுக்கும் சாமி படங்களுக்கும் என்ன மதிப்பு?

சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் தன் அம்மாவின் பிறந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்; உயில் எழுதாமல் காலமானவர். பாட்டியும் இப்போது இல்லை. பரணைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த சினிமா போஸ்டர்கள் நாற்பதுக்கு மேல், கட்டுக் கட்டாகப் பாட்டுப் புத்தகங்கள், சில கணக்கு நோட்டுகள் கிடைத்திருக்கின்றன. பட்டாசாலைச் சுவரில் தேக்குச் சட்டம் போட்ட சாமி படங்கள் 11. சிலவற்றின் அடியில் ஆங்கிலத்தில் ‘ரவிவர்மா பிரஸ்’ என்றும், இரண்டில் ‘பிரின்டட் இன் ஜெர்மனி’ என்றும் இருக்கிறது. ஒரு லட்சுமி படத்துக்குப் பட்டுத் துணியும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டியிருக்கிறார்கள்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் பேசி, பெரிய மாமாவிடம் 2,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். வாசகியின் மகனோ ரவிவர்மா படம் கோடிக்கணக்கில் விலை போனதாகப் படித்துவிட்டு, விற்கவே கூடாது என்கிறார். போஸ்டர்களை லேமினேட் செய்ய வேண்டும், அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்பதும் அவர் யோசனை. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர், சாமி படங்களைக் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். எது அசல், என்ன விலை பெறும், அம்மாவுக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறார் வாசகி.

சகோதரிக்கு,

வியாபாரி சொன்ன 18,000, மகன் சொன்ன கோடி, இரண்டையுமே இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வியாபாரி பெட்டியை மொத்தமாகப் பார்த்து ஒரு தொகை சொல்லியிருக்கிறார். மகன் படித்தது ரவிவர்மா தன் கையால் துணியில் வரைந்த எண்ணெய் ஓவியத்தின் விலை. உங்கள் சுவரில் இருப்பவை அச்சடித்த படங்கள். அவற்றுக்கும் மதிப்பு உண்டு; ஆனால் அதன் கணக்கு வேறு.

உங்களிடம் இருப்பதில் சந்தையில் எங்கேயும் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: இந்தப் போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள், கணக்கு நோட்டுகள் எல்லாமே ஒரே கொட்டகையின் காகிதங்கள். எந்தப் படம் எந்தத் தேதியில், எந்த ஊரில் ஓடியது, என்ன வசூல் என்று நோட்டில் இருக்கக்கூடும். டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் தாள்கள், விநியோகஸ்தர் கடிதம், 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்கிய கொட்டகை லைசென்ஸ் என எது இருந்தாலும் போஸ்டரோடு சேர்த்து வையுங்கள். வியாபாரி இவற்றைக் கழிவுத் தாளாகத்தான் எடுப்பார். போஸ்டர் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் மறுபடி யாராலும் சேர்க்க முடியாது. ஆகவே பட்டியல் போட்டு முடிக்கும்வரை ஒரு தாள்கூட வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம்.

முதலில் செய்யக் கூடாதவை

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. சேகரிப்பாளர் கண்ணில் லேமினேட் செய்த போஸ்டர் அநேகமாக மதிப்பிழந்தது. செல்லோ டேப், ஃபெவிக்கால் இரண்டும் அப்படியே: டேப்பின் பசை சில வருடங்களில் பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கி, எடுக்க முடியாத பழுப்புக் கறையாக நிற்கும். கிழிசல் இருந்தால் கிழிசலாகவே இருக்கட்டும்.

ஈரத் துணி, வெயிலில் காயவைத்தல், இஸ்திரிப் பெட்டி, மூன்றும் கூடாது. போஸ்டர் காகிதம் பெரும்பாலும் மலிவான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம்தான் காலப்போக்கில் காகிதத்தைப் பழுப்பாக்கி, மடிப்பில் மொறுமொறுவென்று ஒடிய வைக்கிறது. வெயிலும் சூடும் அதை இன்னும் வேகப்படுத்தும்.

போஸ்டரைப் பிரிக்கும்போது சுத்தமான பெரிய மேஜையில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை விரித்து, இரண்டு பேராகப் பிரியுங்கள். தானாக எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான். முரண்டு பிடித்தால் பாதி திறந்த நிலையில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். அது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் வேலை. தூசியை மென்மையான இரண்டங்குல பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டினால் போதும். பாட்டுப் புத்தகத்தில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் இழுக்காதீர்கள்.

இராமபாணப் பூச்சியோ கரையான் மண்ணோ தெரிந்தால் அந்தத் தாள்களைத் தனியே எடுத்து பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். அந்த டிரங்குப் பெட்டியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். நிரந்தரமாக வைப்பதற்கு, மடிப்பை நீக்கித் தட்டையாக, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே அமிலமில்லாத டிஷ்யூ தாள். அது கிடைக்கும்வரை கஞ்சி போடாமல் துவைத்த மல் துணி போதும். செய்தித்தாளை இடையில் வைப்பது நல்லதல்ல. அதன் அமிலமும் சேர்ந்து இறங்கும்.

சாமி படங்கள்

‘ரவிவர்மா பிரஸ்’ என்று இருந்தால் அவர் காலத்தில் அச்சடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் மளவ்லிக்கு மாறியது. 1900களின் தொடக்கத்திலேயே ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. ரவிவர்மா 1906இல் காலமானார். அச்சகப் பெயரோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் படங்களின் அடியில் வந்துகொண்டே இருந்தது. அவர் வரையாத படங்களும் அதே பெயரில் வெளிவந்தன. பம்பாய் என்று இருந்தால் பொதுவாக முந்தையது, கார்லா அல்லது லோனாவ்லா என்று இருந்தால் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தின் மூலையில் அவர் கையெழுத்து தெரிந்தால் பரபரப்படைய வேண்டாம். அது படத்தோடு சேர்ந்து அச்சானது.

கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகும் லென்ஸ், 10 மடங்கு பெரிதாக்குவது, ஒன்று வாங்குங்கள். சாமியின் கன்னத்தைப் பாருங்கள். கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் பழைய முறையில், ஒரு நிறத்துக்கு ஒரு கல். கைவேலைக்காரர் குத்திய புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல, பெரிதும் சிறிதுமாகத் தெரியும். பின்னாளைய ஆஃப்செட் மறுபதிப்பில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை தப்பாமல் சின்னப் பூப்போலச் சுற்றி அமைந்திருக்கும். இன்றைய இங்க்ஜெட் நகலில் வரிசையே இருக்காது, தெளித்த துளிகள் மட்டும். ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம்போலத் தோன்றும்படி அச்சடித்த படம்) என்றால் மேலே வார்னிஷும், சாய்த்துப் பார்த்தால் துணி நெசவுபோல ஒரு புடைப்பும் இருக்கும்.

இன்னொரு சோதனை, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. இருட்டறையில் காகிதத்தின் ஓரத்தில் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. காகிதத்தில் அது பரவலானது 1950ஐ ஒட்டித்தான். 1910ஆம் ஆண்டுப் படம் என்று சொல்லப்படுவது இப்படி ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். சோப்புத் தண்ணீர் பட்ட இடமும் ஒளிரும் என்பதால் ஒரே இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

‘பிரின்டட் இன் ஜெர்மனி’ படங்கள் நம் ஊர் வியாபாரிகளுக்காக அங்கே அச்சாகி வந்தவை. முதல் உலகப் போர் 1914இல் அந்த வரத்தை நிறுத்தியது. போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் வந்திருக்கலாம் என்பதால், பெரும்பாலும் 1914க்கு முன், இல்லையென்றால் 1939க்கு முன் என்று கொள்ளுங்கள்.

சட்டத்தைத் திறப்பதானால் கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் மேல் குப்புறக் கவிழ்த்து, ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். பின்பலகைக்கு உள்ளே அடைப்பாக வைத்த செய்தித்தாளில் தேதி இருக்கும். படம் சட்டத்துக்குள் போனது அந்தத் தேதிக்குப் பிறகுதான். சட்டக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது தெரிந்தால் அத்தோடு நிறுத்தி, பலகையை மறுபடி வைத்து மூடிவிடுங்கள். சட்டத்தில் பொருந்துவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தால் அச்சகப் பெயரும் சேர்ந்தே போயிருக்கும். மதிப்பு கணிசமாகக் குறையும்.

அந்தப் பட்டுப்புடவை லட்சுமியைத் திறக்கவே வேண்டாம். துணியும் ஜிகினாவும் ஒட்டியது யாரோ செய்த சேதம் என்று நினைத்துப் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் வேண்டுதலாகவும் அழகுக்காகவும் செய்த கைவேலை அது. அப்படி அலங்கரித்த படத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 11 படங்களில் அதை மற்றவற்றோடு சேர்த்து எடைபோடாதீர்கள்.

சினிமா போஸ்டர்: படத்தின் வருடம் வேறு, காகிதத்தின் வருடம் வேறு

விலையில் தவறு நடப்பது இங்கேதான் அதிகம். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் முதல் வெளியீட்டுக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போஸ்டர் அச்சடித்தார்கள். டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வருவதே டவுன் தியேட்டர்களில் ஓடி முடித்த பிறகுதான். பழைய படங்கள்தான் அங்கே பாதி பிழைப்பு. ஆகவே உங்கள் தாத்தாவின் பெட்டியில் முதல் வெளியீட்டுப் போஸ்டரும் மறுவெளியீட்டுப் போஸ்டரும் கலந்தே இருக்கும். ஒரே படம், ஒரே நடிகர், ஆனால் விலையில் பல மடங்கு வித்தியாசம்.

‘புத்தம் புதிய காப்பி’ என்று இருந்தால் மறுவெளியீடு, அதில் சந்தேகமில்லை. அது இல்லாதபோது நடிகரின் பட்டத்தைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். 1972இல் தனிக் கட்சி தொடங்கிய பிறகுதான் ‘புரட்சித் தலைவர்’ ஆனார். அதற்கு முன் ‘புரட்சி நடிகர்’, ‘மக்கள் திலகம்’. 1960களின் படப் போஸ்டரில் ‘புரட்சித் தலைவர்’ என்று இருந்தால் அந்தக் காகிதம் 1972க்குப் பிந்தையது. சிவாஜிக்கு ‘பத்மஸ்ரீ’ என்றால் 1966க்குப் பின், ‘செவாலியே’ என்றால் 1995க்குப் பின். பட்டம் இருப்பது பிந்தைய காலத்துக்குச் சான்று. இல்லாதது முந்தைய காலத்துக்குச் சான்றாகாது. மறுவெளியீட்டுப் போஸ்டரிலும் பழைய பட்டத்தையே போடுவது உண்டு.

அடுத்தது எழுத்து. லை, னை, ணை, ளை ஆகியவற்றைத் துதிக்கை வளைவோடு எழுதும் பழைய வடிவத்தை மாற்றி, தமிழக அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றது. போஸ்டரின் சின்ன எழுத்து வரிகளில் ‘இசை’, ‘நேரம்’ போன்றவை உதவாது; ‘சென்னை’, ‘கலை’ போன்ற சொற்களைத் தேடுங்கள். புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1978க்குப் பின். தலைப்பைக் கையால் எழுதிய ஓவியர்கள் அதற்குப் பிறகும் சில வருடம் பழைய வடிவத்தை விடவில்லை. ஆகையால் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள்.

பிறகு கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக வரி. அச்சடித்தவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்றது அப்போது நடப்பிலிருந்த 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், ஆகவே அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். சென்னையா சிவகாசியா என்று குறித்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது வந்த 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது; ‘சென்னை-2’ என்பதுபோலச் சுருக்கி எழுதுவது அதன் பிறகும் தொடர்ந்ததால், அது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்பது 1996 வரை நீடித்ததால் அதை வைத்து அவ்வளவாகச் சொல்ல முடியாது. பாட்டுப் புத்தகத்தில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்கும், ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில்.

அளவையும் எழுதுங்கள். ஒரு ஷீட் என்பது வழக்கமாக 30க்கு 40 அங்குலம். 20க்கு 30இலும் உண்டு. பெரிய போஸ்டர் பல ஷீட்டாகப் பிரித்து அச்சடித்தது. ஒரு முகத்தின் பாதி மட்டும் உள்ள தாள் கிடைத்தால் அது வீணானதல்ல, மற்ற ஷீட்டுகளைத் தேடுங்கள்.

மடிப்புக் கோடு இருப்பது குறையாகாது. அந்தக் காலப் போஸ்டர் மடித்தே வந்தது. மைதாப் பசை படாத பின்பக்கம், மூலைகளில் ஆணித்துளை இல்லாமை, மங்காத சிவப்பு இவைதான் நல்ல நிலைக்கு அடையாளம். ஏதாவது போஸ்டரில் ‘இன்றே கடைசி’ என்றோ கொட்டகைப் பெயரோடோ ஒரு துண்டுச் சீட்டு குறுக்கே ஒட்டியிருந்தால், தயவுசெய்து அதை உரித்து எடுக்காதீர்கள். அந்தப் போஸ்டர் எந்தக் கொட்டகையில் தொங்கியது என்று சொல்லும் ஒரே சாட்சி அது. சேகரிப்பாளர் சிலர் சுத்தமான தாளைத்தான் விரும்புவார்கள் என்றாலும், என் பார்வையில் உங்கள் தாத்தாவின் கொட்டகைச் சீட்டு உள்ள போஸ்டர்தான் இந்தத் தொகுப்பின் உயிர்.

விலை எப்படிப் போடுவது

படத்தை நேரில் பார்க்காமல் தொகை சொல்வது நேர்மையாகாது, ஆகையால் நானும் சொல்லப் போவதில்லை. முறையைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, முன்பக்கம், பின்பக்கம், அச்சக வரி, சேதம் என்று நான்கு புகைப்படம் எடுங்கள். அளவுகோல் படத்தில் தெரிய வேண்டும். எண்ணைத் தாளின் மேல் எழுதாமல் பக்கத்தில் சீட்டாக வையுங்கள்.

இணையத்தில் பார்க்கும் விலை பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலை. ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையை மட்டும் கணக்கில் எடுங்கள், அதுவும் உங்களுடையதைப் போன்ற அதே படம், அதே பதிப்பு, அதே நிலை என்றால் மட்டும். அந்தத் தொகையில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும், விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். இரண்டும் போகத்தான் உங்கள் கைக்கு. மதிப்பீடு செய்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இரண்டு பேரிடம் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள்.

என் கணிப்பில் பணம் அதிகம் தரக்கூடியவை 1950களின் முதல் வெளியீட்டுப் போஸ்டர்கள், ஓரம் வெட்டாத ஆரம்பகால ரவிவர்மா அச்சகப் படங்கள், அந்த லட்சுமி. 1980களின் மறுவெளியீட்டுப் போஸ்டர்கள் சுமாராகத்தான் போகும். பாட்டுப் புத்தகங்களும் நோட்டுகளும் தனித்தனியாக விற்றால் சில்லறைதான். அவற்றுக்குச் சரியான இடம் நூலகம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், நூல்கள்தான் இன்று சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் போஸ்டர்களைச் சேர்க்கிறது. கொடுக்காவிட்டாலும் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்துகொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அசல் உங்களிடமே இருக்கலாம்.

மாமா வாங்கிய அட்வான்ஸ், அம்மாவின் பங்கு

பெரிய மாமா வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் அவருக்கு என்று ஆகிவிடாது. தாத்தா உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அசையும் பொருளிலும் அப்படித்தான். அம்மாவும் இரண்டு மாமாக்களும் மட்டும் வாரிசு என்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. ஒன்றை மட்டும் பாருங்கள்: வீட்டுக்காக அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? இருந்தால் அதில் ‘அசையும் பொருட்கள்’ என்ற சொல் வருகிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வியாபாரியிடம் சண்டை வேண்டாம். மற்ற வாரிசுகள் சம்மதிக்கவில்லை, பெரிய மாமா ஒருவராக விற்க முடியாது என்று எழுதி, 2,000 ரூபாயை வங்கி வழியாகத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பிறகு விற்று லாபம் வந்தால் வரி உண்டா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். வீட்டு உபயோகப் பொருளுக்குள்ள விலக்கு கலைப் பொருளுக்குக் கிடையாது.

மகனின் டி-ஷர்ட் யோசனைக்கு: காகிதம் உங்களுடையது, அதிலுள்ள ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுடையது அல்ல. ஓவியரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு, பெயர் தெரியாதது என்றால் வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு அது நீடிக்கும். நடிகர் முகத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது தனிச் சிக்கல். போஸ்டரை விற்கலாம், நகலெடுத்து விற்பதை இப்போதைக்கு விட்டுவிடட்டும்.

சிங்கப்பூருக்குக் கூரியர்

இதை உடனே நிறுத்துங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும். ரவிவர்மா கையால் வரைந்த ஓவியங்கள் 1979இல் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கு வயதுக் கணக்கே கிடையாது. உங்களுடையவை அச்சுப் படங்கள் என்றாலும், 100 ஆண்டு ஆனது ஒன்று இருந்தால்கூட அது இந்தச் சட்டத்துக்குள் வரலாம். ‘சாமி படம், பேப்பர்’ என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று உறவினர் சொன்னால் கேட்காதீர்கள்; மாட்டுவது அனுப்பியவர்.

சரியான வழி, சென்னைக் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் படத்தின் புகைப்படங்களோடு விண்ணப்பித்து, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்பது. கிடைத்தவற்றை மட்டும் அனுப்பலாம். நாட்டுக்குள் விற்பதற்கும் கொடுப்பதற்கும் இந்தத் தடை கிடையாது.

வீடு இடிக்கும் தேதியை நீங்கள் எழுதவில்லை. ஆள் வருவதற்கு முன்பே சுவரில் உள்ள 11 படங்களையும் இறக்கிவிடுங்கள், இடிக்கும் தூசியும் அதிர்வும் போதும் பழைய கண்ணாடி விரிசல் விட. ஒவ்வொன்றையும் செங்குத்தாக, கண்ணாடிக்குக் கண்ணாடி, முதுகுக்கு முதுகாக, நடுவே அட்டை வைத்து அடுக்குங்கள். லட்சுமி மட்டும் படுத்த வாக்கில், முகம் மேலே பார்த்தபடி, தனியாக.